கிண்ணம் ஒன்று, வரிசை இரண்டு: காவிரிப் படுகைத் திருச்சபைகளின் சின்னச் சமரசங்கள்

அண்மையில் மயிலாடுதுறைப் பக்கம் நடந்த ஒரு மாணவர் வகுப்பில், கல்லூரியில் இரண்டாமாண்டு படிக்கும் தம்பி ஒருவர் எழுந்து கேட்டார்: "தோழர், கோயில்ல யாரு முன்னாடி உக்கார்றாங்க, யாரு பின்னாடி உக்கார்றாங்கங்கிறது எல்லாம் ஒரு பிரச்சினையா? நம்ம சனத்துக்கு நிலம் இல்ல, வேலை இல்ல. அதை விட்டுட்டு இதைப் பேசணுமா?"

கேள்வி நியாயமானது. 1968 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் இரவில், கூலி உயர்வு கேட்டதற்காகக் கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட மண் இது. அப்படிப்பட்ட மண்ணில் நின்றுகொண்டு பெஞ்சையும் பாயையும் பேசுவது சின்னத்தனமாகத் தோன்றலாம். அன்று அந்தத் தம்பிக்கு நாங்கள் முழுமையாகப் பதில் சொல்லவில்லை. இந்தக் கட்டுரை அந்தப் பதில்தான்.

நம் பாட்டிகள் களத்துமேட்டுக் கதை சொல்வார்கள். பண்ணைக்கு நெல் அளக்க ஒரு மரக்கால், பண்ணையாளுக்குக் கூலி அளக்க ஒரு மரக்கால். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்கூடக் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஒரு நாள் கூலியில் போவது ஒரு கை நெல்தான். ஆனால் குறுவை, சம்பா என்று முப்பது வருடம் அளந்தால் போவது ஒரு குடும்பத்தின் வயிறு. கிறித்தவத்துக்குள் சாதி நுழைந்த கதையும் இப்படித்தான். பெரிய அநியாயம் என்று யாரும் பெயர் வைக்காத சின்னச் சின்ன விட்டுக்கொடுத்தல்களால் அது நுழைந்தது.

சிலுவை வடிவக் கோயிலில் ஒரு பக்கம்

1706 ஜூலை 9 அன்று சீகன்பால்கும் புளூட்சோவும் தரங்கம்பாடியில் இறங்கினார்கள். அடுத்த ஆண்டே ஒரு சிறு கோயில் கட்டினார்கள். ஐரோப்பிய உடையில் வருகிறவர்களுக்குப் பெஞ்சும் நாற்காலியும், தமிழ் உடையில் வருகிறவர்களுக்குப் பாயும் தரையும் என்று அங்கே இடம் பிரிந்தது. உடைக்கும் பழக்கத்துக்கும் ஏற்ற ஏற்பாடு என்றுதான் அதைப் பார்த்தார்கள். 1718இல் புதிய எருசலேம் ஆலயம் எழுந்தது. இன்றும் தரங்கம்பாடிக்குச் சுற்றுலா போகிறவர்கள் படம் எடுத்துக்கொள்ளும் கோயில் அது. கட்டடத்தின் அமைப்பு சிலுவை வடிவம். அந்தச் சிலுவைக்குள்ளேயே வெள்ளாளர் முதலானோர் ஒரு பக்கம், பறையர் ஒரு பக்கம் என்று உட்கார்ந்தார்கள்.

மிஷனரிகளுக்கு இது தவறு என்று தெரியாமல் இல்லை. ஞானஸ்நானம் எல்லோரையும் ஒன்றாக்குகிறது என்று போதித்தவர்கள் அவர்களே. ஆனால் மேல்சாதியார் வராமல் போனால் சபை வளராது. இப்போதைக்கு விடுவோம், நற்செய்தி உள்ளே போகப் போகச் சாதி தானாக உதிரும் என்று நம்பினார்கள். இந்த "இப்போதைக்கு" என்ற சொல்லைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அது முந்நூறு வருடம் ஓடியிருக்கிறது.

இராஜநாயக்கனுக்குக் கிடைக்காத அங்கி

இந்த வரலாற்றில் நம் இளைஞர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய பெயர் இராஜநாயக்கன். பறையர். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, தஞ்சை மராட்டிய அரசரின் படையில் இருந்தவர். சீகன்பால்கு தமிழாக்கி 1715இல் அச்சிட்டு முடித்த புதிய ஏற்பாட்டைத் தானே படித்து, தரங்கம்பாடி மிஷனோடு சேர்ந்தார். படையை விட்டு உபதேசியார் ஆனார். அப்போது தஞ்சை அரசுப் பகுதிக்குள் வெள்ளை மிஷனரிகள் நினைத்தபடி நுழைய முடியாது. அங்கே சபைகளைக் கட்டியதில் இராஜநாயக்கனின் கால்களுக்குப் பெரும் பங்குண்டு. எதிர்ப்பும் மிரட்டலும் தாங்கி 1771இல் இறக்கும்வரை உழைத்தார்.

1733 டிசம்பரில் ஆரோன் என்ற வெள்ளாளர் குருப்பட்டம் பெற்றார். இந்தியாவின் முதல் புரட்டஸ்தாந்து இந்தியக் குரு அவர். பிறகு இரண்டாவது ஆளைத் தேடியபோது இராஜநாயக்கன் பெயரும் பேச்சில் வந்தது. அவருடைய பக்தியிலோ அறிவிலோ உழைப்பிலோ யாரும் குறை சொல்லவில்லை. மிஷனரிகளே அவரைப் பெரிதாக மதித்தார்கள். ஆனால் ஒரு பறையர் கையிலிருந்து திருவிருந்தை வெள்ளாளக் கிறித்தவர்கள் வாங்க மாட்டார்கள், சபையின் மதிப்பு குறைந்துவிடும் என்ற அச்சம் வென்றது. 1741இல் தியோகு என்பவருக்குப் பட்டம் கிடைத்தது. இராஜநாயக்கன் கடைசிவரை உபதேசியாராகவே இருந்தார்.

யாரும் அவரைத் திட்டவில்லை, அடிக்கவில்லை, வெளியேற்றவில்லை. ஒரு கூட்டத்தில் ஒரு பெயரைத் தள்ளி இன்னொரு பெயரை எழுதினார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு முடிவின் அர்த்தம் என்ன? அப்பத்தைப் பிட்டுக் கொடுக்கும் கைக்கும் சாதி உண்டு என்று திருச்சபை தன் கைப்படவே எழுதிக் கொடுத்துவிட்டது. அதற்குப் பின் வந்த தலைமுறைகளில் எத்தனை சேரிப் பிள்ளைகள் குருவாகும் கனவையே காணாமல் வளர்ந்திருப்பார்கள் என்பதற்கு எந்தப் பதிவேட்டிலும் கணக்கு இல்லை.

கத்தோலிக்கத் தரப்பு இதில் நல்லபடி நடந்தது என்று நினைக்க வேண்டாம். 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் டி நொபிலி பார்ப்பனத் துறவி போல வாழ்ந்தார். மற்றச் சாதியாருக்கென்று பின்னால் பண்டாரசாமிகள் என்ற தனிப் பிரிவு வந்தது. சாதிக்கு ஒரு சாமியார் என்ற இந்த ஏற்பாட்டைக் குறித்து ரோமாபுரி வரை வழக்குப் போனது. 1744இல் பதினான்காம் பெனடிக்ட் பாப்பரசர் கொடுத்த தீர்வில், பறையருக்கென்று தனி மிஷனரிகளை ஒதுக்குவது ஏற்கப்பட்டது. விலக்கி வைத்ததையே ஒரு சேவைப் பிரிவாக மாற்றிக் கொடுத்தார்கள்.

தஞ்சாவூரில் வெடித்தது

1798இல் தஞ்சாவூரில் இறந்த ஷ்வார்ட்ஸ் ஐயரை இன்றும் டெல்டா கிறித்தவர்கள் மரியாதையோடு நினைக்கிறார்கள். அரசர் இரண்டாம் சரபோஜிக்கு அவர் தகப்பனைப் போல இருந்தார். அவர் காலத்தில் சாதி மீது நேரடிப் போர் நடக்கவில்லை. பொறுமையாகச் சொல்லித் திருத்தலாம் என்பதே வழி. அந்தக் காலத்துச் சபைகளில் சில இடங்களில் இரண்டு கிண்ணங்கள் இருந்தன. ஒரே கிண்ணம் இருந்த இடங்களில் வரிசை இருந்தது: முதலில் மேல்சாதியார் குடிக்க வேண்டும், கடைசியில் பறையர். கிண்ணம் ஒன்றுதானே, சமத்துவம் வந்துவிட்டதே என்று சொல்லிக்கொள்ளலாம். எச்சில் மட்டும் மேலிருந்து கீழே போகும், கீழிருந்து மேலே போகாது.

1820களின் இறுதியில் தஞ்சைக்கு வந்த இளம் மிஷனரிகள் இதை நிறுத்தப் பார்த்தார்கள். எல்லோரும் கலந்து உட்கார வேண்டும், கலந்து திருவிருந்து வாங்க வேண்டும் என்றார்கள். எதிர்த்து நின்றவர்களில் முதன்மையானவர் ஷ்வார்ட்ஸின் மாணவரும் பெரும் கவிஞருமான வேதநாயகம் சாஸ்திரியார். சாதியைத் திருத்தப் புறப்படுவது பைத்தியக்காரத்தனம் என்று 1829இல் ஒரு நூலே எழுதினார். பழைய பெரிய ஐயர்மார் விட்டுவைத்ததை நேற்று வந்தவர்கள் ஏன் தொடுகிறார்கள் என்பது அந்தத் தரப்பின் வாதம்.

சாஸ்திரியாரை நாம் நேர்மையாகப் படிக்க வேண்டும். அவருக்கு வேறு குறைகளும் இருந்தன. பழகிய வேத மொழிபெயர்ப்பை மாற்றுகிறார்கள், தமிழ்ப் பாட்டையும் இசையையும் ஆராதனையிலிருந்து எடுக்கிறார்கள், திருமணத்திலும் திருநாளிலும் பூவைத் தடுக்கிறார்கள் என்றார். இதிலெல்லாம் வெள்ளையரின் அதிகாரத் திமிர் இருந்தது உண்மை. அந்த மிஷனரிகள் தங்கள் சாப்பாட்டு மேசையில் எத்தனை தமிழரை உட்கார வைத்தார்கள் என்று திருப்பிக் கேட்டாலும் அது நியாயமான கேள்விதான். ஆனால் தமிழ்ப் பாட்டைக் காக்கும் நியாயமான கோபத்தோடு சேர்த்து, பறையரோடு கலந்து உட்கார மாட்டோம் என்பதையும் ஒரே மூட்டையில் கட்டிவிட்டார்கள். பண்பாடு என்ற அந்த மூட்டை இன்றும் நம் ஊர்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அவிழ்த்துப் பிரித்துப் பார்க்காமல் யாரும் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம்.

1826 ஈஸ்டருக்குப் பேராயர் ஹீபர் தஞ்சாவூருக்கு வந்தார். இங்கிலாந்துக் கோயில்களிலும் பணக்காரரும் ஏழையும் தனித்தனியாகத்தானே உட்காருகிறார்கள், சாதியும் அப்படி ஓர் உலக வழக்கமாக இருக்கலாம் என்று அவர் யோசித்தார். விசாரித்து முடிக்கும் முன்பே, ஏப்ரல் 3 அன்று திருச்சியில் இறந்துபோனார். பின்னால் வந்த பேராயர் டேனியல் வில்சன் 1833 ஜூலையில் ஒரு சுற்றுக் கடிதம் அனுப்பினார். திருச்சபைக்குள் சாதி வேறுபாடு உடனே, முழுமையாக, முடிவாகக் கைவிடப்பட வேண்டும் என்பது அதன் சாரம். வேப்பேரியிலும் தஞ்சையிலும் வெள்ளாளக் கிறித்தவர்கள் கூட்டமாகக் கோயிலை விட்டு வெளியேறினார்கள்.

இந்தக் கடிதப் போர் முழுவதையும் படித்தால் ஒன்று உறுத்துகிறது. பேராயர் பேசுகிறார், மிஷனரி பேசுகிறார், கவிஞர் பேசுகிறார். கடைசியில் கிண்ணம் வாங்கிய பறையரின் குரல் மிகக் குறைவாகவே கேட்கிறது. யாரைப் பற்றிய சண்டையோ அவர்களை யாரும் கேட்கவில்லை.

வெளியேறியவர்களுக்குத் திறந்த கதவு

அடுத்த திருப்பம் இன்னும் கசப்பானது. 1840களில் ஜெர்மனியின் லைப்சிக் மிஷன் தரங்கம்பாடிப் பணியை எடுத்துக்கொண்டது. சாதி என்பது சமூக வழக்கம், அதைக் கட்டாயத்தால் உடைக்கக் கூடாது என்பது அதன் நிலைப்பாடு. ஆங்கிலேயச் சபையில் கோபித்துக்கொண்ட வெள்ளாளக் கிறித்தவர்கள் பலருக்கு இது புகலிடம் ஆனது. 1850இல் சென்னையில் கூடிய மிஷனரிகள், பறையர் சமைத்ததைச் சாப்பிட மறுப்பவர் சபையில் சேரத் தகுதியற்றவர் என்கிற அளவுக்குப் போனார்கள். லைப்சிக்காரர்கள் அதில் சேரவில்லை. அவர்களுக்குள்ளேயே கார்ல் ஓக்ஸ் என்பவர் மட்டும் இந்த விட்டுக்கொடுப்பைத் தாங்க மாட்டாமல் பிரிந்தார். 1861இல் தென்னார்க்காட்டு மேல்பட்டாம்பாக்கத்தில் தனிப் பணி தொடங்கினார்.

இதிலிருந்து நமக்கு என்ன தெரிகிறது? ஒரு சபை நிமிர்ந்து நின்றால், பக்கத்துச் சபை வளைந்து கொடுத்து ஆள் சேர்க்கிறது. அதனால் நிமிர்ந்த சபைக்கும் பயம் வருகிறது. சமரசம் ஒரு ஆளின் பலவீனமாக நின்றுவிடுவதில்லை. போட்டியாகி, பிறகு வழக்கமாகி, கடைசியில் "எங்கள் சபைப் பாரம்பரியம்" ஆகிவிடுகிறது.

டெல்டாவுக்கு வெளியே அது சுவராகவே எழுந்தது. நெல்லைச் சீமை வடக்கன்குளத்தில் 1870களில் கட்டிய கத்தோலிக்கக் கோயில், சாதிக்கு ஒரு கூடமாக இரண்டாகப் பிரிந்து பீடத்தில் மட்டும் சேரும் அமைப்பு. 1910இல் கௌசானல் சாமியார் நடுவிலிருந்த தடுப்பை இடித்தார். மேல்சாதியார் நீதிமன்றம் போய்த் தோற்றார்கள். திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களையும் பிரித்த சுவர் நம் காலம்வரை போராட்டத்துக்குரியதாக நின்றது. அந்தச் சுவருக்கு முதல் செங்கல் நாம் மேலே பார்த்த பாயும் வரிசையும்தான்.

விவிலியம் படிக்கிற தோழர்களுக்கு இது புதிதல்ல. அந்தியோகியாவில் பேதுரு புறவினத்தாரோடு ஒன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் பயந்து மெல்ல விலகி வேறு பந்திக்குப் போனார். கொள்கையை அவர் மறுக்கவில்லை, இடத்தை மட்டும் மாற்றினார். பவுல் அதை எல்லோர் முன்னும் முகத்துக்கு நேரே கண்டித்ததாகக் கலாத்தியர் நிருபம் சொல்கிறது. ஆதித் திருச்சபையின் பெரிய சண்டைகளில் ஒன்று, யார் எந்தப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார் என்பதைப் பற்றியதுதான்.

சான்றிதழில் ஒரு பெயர், ஞானஸ்நானத்தில் ஒரு பெயர்

இனி நம் பக்கம் வருவோம். கோயில் பிரசங்கத்தில் "சின்னப் பொய்யும் பாவம்" என்று கேட்கும்போது சேரிக் கிறித்தவர்கள் பலர் தலை குனிகிறார்கள். காரணம் நமக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர், கோயிலில் ஒரு பெயர். சான்றிதழில் இந்து ஆதி திராவிடர், ஞாயிற்றுக்கிழமை கிறித்தவர்.

இந்த இரட்டை வாழ்க்கையை உருவாக்கியது 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை. பட்டியல் சாதி உரிமை இந்துக்களுக்கு மட்டும் என்றது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் விரிந்தது. கிறித்தவருக்கும் இசுலாமியருக்கும் இன்றுவரை இல்லை. தமிழ்நாட்டில் மதம் மாறிய ஆதி திராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டிருக்கிறார்கள். 1985இல் சூசை வழக்கில் உச்ச நீதிமன்றம், மதம் மாறிய பின்னும் அதே அளவு கொடிய சாதி இழிவு தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் வேண்டும் என்றது. 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மதத் தடையை நீக்கப் பரிந்துரைத்தது. பரிந்துரை அப்படியே கிடக்கிறது.

இந்த முடிச்சைக் கவனியுங்கள். ஆதாரம் எங்கே என்று நீதிமன்றம் கேட்கிறது. ஆதாரம் கோயிலுக்குள்ளேயே இருக்கிறது: இடத்தில், வரிசையில், தேர் போகும் தெருவில், கல்லறையில். திருச்சபைத் தலைமை தில்லியில் தலித் கிறித்தவர் உரிமைக்கு மனுக் கொடுக்கிறது. உள்ளூரில் "நம்ம பங்கில் சாதியெல்லாம் கிடையாது" என்கிறது. இரண்டும் ஒரே வாயில் எப்படி வரும்?

ஆகவே இரண்டு சமரசங்களையும் ஒரே தராசில் நிறுத்த முடியாது. முன்வரிசையை விட மனமில்லாதவர் செய்வது தன் அதிகாரத்தைக் காப்பதற்கு. பிள்ளையின் படிப்புக்காக ஒரு தாய் இரண்டு பெயர் வைப்பது பிழைப்பதற்கு. முதலாவதைப் பாரம்பரியம் என்றும் இரண்டாவதைப் பாவம் என்றும் சொல்லும் பிரசங்கத்தை நாம் ஏற்கக் கூடாது. அதே சமயம் அந்தத் தாய் கொடுக்கும் விலையையும் மறைக்க வேண்டாம். அதிகாரி விசாரணைக்கு வரும் நாளில் வீட்டுச் சுவரில் இருந்து மாதா படத்தை இறக்கி அரிசிப் பானைக்குப் பின்னால் வைக்கும் பிள்ளைகளை நாங்கள் பார்த்திருக்கிறோம். எதற்கு என்று அந்தப் பிள்ளைக்கு யாரும் விளக்கிச் சொல்வதில்லை. ஒளிக்க வேண்டியவர் நாம்தான் என்பதை மட்டும் அது கற்றுக்கொள்கிறது.

நாங்கள் ஒத்துக்கொண்ட பின்வாசல்

மிஷனரிகளைக் குறை சொல்லி முடித்துவிட்டால் இந்தக் கட்டுரை நேர்மையாகாது. சில வருடங்களுக்கு முன் கொள்ளிடக் கரையோரக் கிராமம் ஒன்றில் நாங்கள் மாலை நேரப் படிப்பகம் நடத்தினோம். இடமாகக் கிடைத்தது கோயிலை ஒட்டிய ஒரு கூடம். முன்வாசல் ஊர்த்தெருவைப் பார்த்தது, பின்வாசல் வயல் வரப்பைப் பார்த்தது. பெரியவர்கள் வந்து நயமாகவே பேசினார்கள். "சார், எல்லாப் பிள்ளைங்களும் ஒண்ணாவே படிக்கட்டும், அதுல எங்களுக்கு ஆட்சேபணை இல்ல. காலனிப் பிள்ளைங்க மட்டும் பின்பக்கமா வந்துட்டா தேவலை. ஒரு மாசம் போகட்டும், அப்புறம் பாத்துக்கலாம்."

ஒத்துக்கொண்டோம். உள்ளே போய்விட்டால் எல்லோரும் ஒரே பாயில்தானே, வாசலுக்காகப் படிப்பைக் கெடுப்பானேன் என்று எங்களுக்குள் சொல்லிக்கொண்டோம். சமூகவியல் படித்தவர்கள், தரங்கம்பாடி வரலாறு தெரிந்தவர்கள், அதே "இப்போதைக்கு" என்ற சொல்லைச் சொன்னோம். ஒரு மாதம் இரண்டு வருடமாயிற்று.

ஒரு நாள் மழை. வரப்பு முழுக்கச் சேறு. ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண்பிள்ளை முழங்கால்வரை சேற்றோடு வந்து நின்றாள். முன்பக்கமாக வந்திருக்கலாமே என்று கேட்டோம். அவள் சாதாரணமாகச் சொன்னாள்: "அது அவங்க வாசல்க்கா. இதுதான் எங்க வாசல்."

அந்தப் பிள்ளைக்கு அதைச் சொல்லிக் கொடுத்தது ஊர்ப் பெரியவர்கள் அல்ல. அவர்கள் எங்களிடம்தான் கேட்டார்கள், அவளிடம் கேட்கவில்லை. இரண்டு வருடமாக அவளுக்கு அந்தப் பாடத்தை நடத்தியது நாங்கள். கணக்கும் அறிவியலும் சொல்லிக் கொடுத்துக்கொண்டே, சொல்லாமல் இதையும் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்.

மறுவாரம் பின்வாசலைப் பூட்டினோம். "நீங்களே ஒத்துக்கிட்டதுதானே சார்" என்று பெரியவர்கள் கேட்டார்கள். பதில் இல்லை எங்களிடம். அவர்கள் சொன்னது உண்மை. ஊர்த்தெருப் பிள்ளைகள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். பிறகு கூடமும் போனது. காலனியில் ஒரு வேப்பமரத்தடியில் ஆறு மாதம் வகுப்பு நடந்தது. ஊர்த்தெருவிலிருந்து நான்கு பிள்ளைகள் மட்டும் அங்கே வந்து சேர்ந்தார்கள். முதல் நாளே மறுத்திருந்தால் இழப்பு இதே அளவுதான் இருந்திருக்கும். அந்தப் பெண்பிள்ளைக்கு அந்த இரண்டு வருடம் மட்டும் மிச்சமாகியிருக்கும்.

தம்பிக்கு

நிலமும் கூலியும் பெரிய கேள்விகள்தான். ஆனால் அவற்றைக் கேட்பதற்கு முன்வாசல் வழியே நடந்து பழகிய கால்கள் வேண்டும். தன் கை தொட்ட கிண்ணம் கடைசியில்தான் வர வேண்டும் என்று சின்ன வயதிலேயே ஒத்துக்கொண்டவரிடம், களத்து மரக்காலைத் தூக்கி அளந்து பார் என்று சொல்வது எளிதல்ல.

அதனால் உங்கள் ஊரில் இந்தச் சின்னக் கணக்குகளை எடுங்கள். திருவிழா வரி காலனியில் வாங்கப்படுகிறதா? தேர் காலனித் தெருவுக்குள் வருகிறதா, முனையிலேயே திரும்புகிறதா? பங்குப் பேரவையில் நம் ஆட்கள் எத்தனை பேர், அவர்கள் பேசிய தீர்மானம் எத்தனை? கல்லறையில் எந்தப் பக்கம் யாருக்கு? எப்போது, யார், என்ன காரணம் சொல்லி இதை ஆரம்பித்தார்கள்? பெரியவர்களிடம் உட்கார்ந்து கேட்டு, தேதியோடு எழுதி வையுங்கள். நீதிமன்றம் கேட்கும் ஆதாரமும் அதுதான், நம் வரலாறும் அதுதான்.

எழுதும்போது உங்கள் அமைப்பு ஒத்துக்கொண்ட பின்வாசல் ஏதாவது இருந்தால், அதையும் அதே நோட்டில் எழுதுங்கள். நாங்கள் எங்களுடையதை எழுதிவிட்டோம்.